அட்ரினல் சுரப்பியில் கட்டி: ஸ்கேன் சொல்வது பாதி, ரத்தம் சொல்வது மீதி

சிறுநீரகக் கல்லோ தீராத வயிற்றுவலியோ, ஏதோ ஒரு காரணத்துக்காக சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். தேடிப் போனது கிடைத்ததோ இல்லையோ, ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி நிற்கிறது: இடது அட்ரினல் சுரப்பியில் 2.2 செ.மீ. அளவில் ஒரு கட்டி. இந்த வரியைப் படிப்பவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் அந்த நிமிடமே புற்றுநோய் என்று முடிவுகட்டித் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். சிலர், வலி எதுவும் இல்லையே என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். முதல் தவறு மனதைப் படுத்தும். இரண்டாவது, சிலருக்கு உடம்பையே கெடுத்துவிடும்.

அட்ரினல் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இது நல்ல செய்தி. ஆனால் புற்றுநோய் அல்லாத கட்டியும் இந்த இடத்தில் கேடு செய்யக்கூடும், ஏனென்றால் இது ஹார்மோன் தயாரிக்கும் இடம். கட்டியின் உருவத்தை ஸ்கேன் காட்டும். அது என்ன சுரக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான் சொல்லும். தற்செயலாகத் தெரியவரும் அட்ரினல் கட்டிகளில் கணிசமானவற்றுக்கு ஹார்மோன் பரிசோதனை முழுமையாக நடப்பதே இல்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஸ்கேனை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் கவலை அதுதான்.

அட்ரினல் என்பது என்ன

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்தது மாதிரி ஒவ்வொன்று உட்கார்ந்திருக்கிறது. எடை ஒவ்வொன்றும் 4 முதல் 5 கிராம்தான். சிறுநீரகத்தின் மேல் இருந்தாலும் சிறுநீரகத்தின் பகுதி அல்ல. இரண்டும் தனித்தனி உறுப்புகள். உருவம் சிறியதே தவிர, உயிருக்கு இது இன்றியமையாதது. 1855இல் தாமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர், இந்தச் சுரப்பி அழிந்துபோனவர்கள் மெலிந்து, தோல் கறுத்து, சோர்ந்து இறப்பதைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே பிரௌன் செகார்ட் என்ற உடலியல் ஆய்வாளர், இரண்டு அட்ரினல்களையும் எடுத்துவிட்டால் விலங்குகள் பிழைப்பதில்லை என்று காட்டினார்.

ஒரே உறைக்குள் இரண்டு வேறு சுரப்பிகள் இருப்பதாக இதை நினைத்துக்கொள்வது நல்லது. வெளிப்பகுதி புறணி, எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அதுதான். உள்ளே இருப்பது அகணி. கருவில் இரண்டும் வேறு வேறு திசுக்களிலிருந்து வருகின்றன. அகணி நரம்பு மண்டலத்தோடு உறவுடையது.

புறணியில் மூன்று அடுக்குகள் உண்டு:

1. வெளி அடுக்கு ஆல்டோஸ்டீரானைச் சுரக்கிறது. உடம்பில் உப்பைத் தக்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றுவது இதன் வேலை. ரத்த அழுத்தத்தின் கடிவாளங்களில் ஒன்று.
2. நடு அடுக்கு கார்ட்டிசாலைச் சுரக்கிறது. சர்க்கரை, எலும்பு, தசை, நோய் எதிர்ப்பு, நெருக்கடி நேரத்தில் உடம்பு தாக்குப்பிடிப்பது என எல்லாவற்றிலும் இதன் கை உண்டு.
3. உள் அடுக்கு ஆண்தன்மை ஹார்மோன்களின் மூலப்பொருள்களைச் சிறிதளவு சுரக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் இது உண்டு.

அகணி சுரப்பவை அட்ரினலினும் நார்அட்ரினலினும். பயந்தால் நெஞ்சு படபடப்பதும், கை குளிர்வதும், வியர்ப்பதும் இவற்றால்தான்.

புறணி தன் ஹார்மோன்களைக் கொழுப்பிலிருந்து, அதாவது கொலஸ்டிராலிலிருந்து தயாரிக்கிறது. அதற்காக அதன் செல்கள் கொழுப்புத் துளிகளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஸ்கேனைப் புரிந்துகொள்ளும்போது இந்த விவரம் கைகொடுக்கும்.

தேடாமல் கிடைக்கும் கட்டி

வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் 1 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அட்ரினல் கட்டி தென்பட்டால் மருத்துவர்கள் அதை இன்சிடென்டலோமா என்பார்கள். இது ஒரு நோயின் பெயர் அல்ல, கண்டுபிடித்த விதத்தின் பெயர் மட்டுமே. உள்ளே இருப்பது எதுவாகவும் இருக்கலாம்.

வயது ஏற ஏற இது சகஜமாகிறது. முப்பதுக்குக் கீழே மிக அரிது. எழுபதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அல்லது அதற்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கலாம். அதனால் 75 வயதுக்காரருக்குத் தென்படும் 1.5 செ.மீ. கட்டியும், 20 வயதுக்காரருக்குத் தென்படும் அதே அளவுக் கட்டியும் ஒன்றல்ல. குழந்தைகள், இளம்பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோரிடம் தென்பட்டால் மருத்துவர்கள் அவசரம் காட்டுவது இதனால்தான்.

இதில் மிகப் பெரும்பங்கு அடினோமா, அதாவது புறணியில் எழும் புற்றுநோய் அல்லாத கட்டி. அதிலும் பல எதையும் கூடுதலாகச் சுரப்பதில்லை. இருக்கும் இடத்தில் இருந்துவிட்டுப் போகும். மிச்சமிருப்பவற்றில்தான் கார்ட்டிசால் சுரப்பவை, ஆல்டோஸ்டீரான் சுரப்பவை, அகணியில் எழுந்து அட்ரினலின், நார்அட்ரினலின் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா, புறணிப் புற்றுநோய், வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த புற்றுநோய் ஆகியவை அடங்கும்.

ஆகவே, யார் கட்டியாக இருந்தாலும் கேட்க வேண்டியவை இரண்டு:

1. இது புற்றுநோயா?
2. இது ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறதா?

ஒன்றுக்குக் கிடைத்த பதில் இன்னொன்றுக்கு ஆகாது. "புற்றுநோய் இல்லை" என்ற நிம்மதியோடு இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

முதல் கேள்வி: படம் என்ன சொல்கிறது

சிடி ஸ்கேனில் ஒவ்வொரு திசுவும் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்ல முடியும். இந்தக் கருவியை உருவாக்கி 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அது ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு எனப்படுகிறது. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு பூஜ்யத்துக்குக் கீழே வரும், மைனஸ் 100க்கு அக்கம்பக்கம்.

இப்போது கொழுப்புத் துளிகளுக்கு வருவோம். அடினோமாவின் செல்களில் கொழுப்பு நிறைய இருப்பதால் அதன் எண் தாழ்வாக இருக்கும். சாயம் ஏற்றாமல் எடுத்த சிடியில், கட்டி முழுவதும் ஒரே சீராக இருந்து, எண் 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது புற்றுநோய் அல்லாத கட்டி என்று துணிந்து சொல்லலாம். ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமும் அட்ரினல் கட்டி ஆய்வாளர்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிப்பட்ட கட்டி எந்த அளவில் இருந்தாலும் மேற்கொண்டு ஸ்கேன் தேவையில்லை என்கிறது. பலருக்கு இதை நம்புவது கடினம். வருடா வருடம் எடுத்துப் பார்த்தால் மனதுக்குத் தைரியமாக இருக்கும் என்று கேட்பார்கள். தேவையற்ற கதிர்வீச்சும் செலவும் பதற்றமும்தான் அதில் மிச்சம்.

எண் 10ஐத் தாண்டினால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடினோமாக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் கொழுப்பு குறைவு. அவையும் 10ஐத் தாண்டும். அதே வழிகாட்டுதலின்படி, 11 முதல் 20 வரை உள்ள, சீரான, 4 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகளுக்கு உடனே வேறொரு வகை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், அல்லது 12 மாதம் கழித்து மறுபடி எடுத்து வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம். 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, எண்ணும் 20ஐத் தாண்டினாலோ கட்டி சீரில்லாமல் இருந்தாலோ, அறுவை சிகிச்சை நிபுணர், நாளமில்லாச் சுரப்பி நிபுணர், ஸ்கேன் நிபுணர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய கட்டி அது. பெரும்பாலும் அகற்றுவதே முடிவாகும்.

ஒரு நடைமுறைச் சிக்கல் இங்கே உண்டு. வயிற்று ஸ்கேன்கள் பெரும்பாலும் நரம்பில் சாயம் ஏற்றி எடுக்கப்படுகின்றன. சாயம் கட்டிக்குள் பாய்ந்ததும் எண் தானாக ஏறிவிடும். அந்த ரிப்போர்ட்டில் 60 அல்லது 70 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படுவதில் பொருளில்லை. சாயம் இல்லாத எண் வேண்டும். அதற்கு அந்தப் பகுதியை மட்டும் சாயமின்றி மறுபடி எடுத்தால் போதும். ரிப்போர்ட்டில் இந்த எண்ணே இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். முழு ரிப்போர்ட்டிலும் மிக உபயோகமான ஒற்றைத் தகவல் இதுதான். எம்ஆர்ஐ ஸ்கேனும் கட்டிக்குள் கொழுப்பு இருப்பதை வேறு வழியில் கண்டுபிடித்துவிடும், கதிர்வீச்சு இல்லாமல்.

அப்புறம், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடாதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். மார்பகத்திலும் தைராய்டிலும் அதைத்தானே செய்கிறார்கள்? அட்ரினலில் அது வழக்கமான பரிசோதனை அல்ல. ஊசியில் வரும் சிறு துணுக்கை வைத்து அடினோமாவையும் புறணிப் புற்றுநோயையும் நம்பகமாகப் பிரிக்க முடியாது. புற்றுநோயாக இருந்தால் உறையைத் துளைப்பதால் அது சிதறக்கூடும். ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்தால் ஊசி பட்டதும் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு உறுப்பில் புற்றுநோய் இருந்தவருக்கு, அது இங்கே பரவியிருக்கிறதா என்று தெரிந்தால் சிகிச்சையே மாறும் என்ற நிலையில் மட்டும், ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதிசெய்த பிறகு, ஊசி போடுவார்கள்.

இரண்டாவது கேள்வி: என்ன சுரக்கிறது

1. கார்ட்டிசால்

அளவுக்கு மீறிய கார்ட்டிசாலால் வரும் முழு வடிவ நோய் குஷிங் நோய்க்குறி. முகம் உருண்டு சிவக்கும், வயிறு பெருக்கும், கை கால் மெலியும், தோல் மெலிந்து லேசாக இடித்தாலும் கன்றிப்போகும், வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள் விழும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாது. இப்படி வந்தால் கண்டுபிடிப்பது எளிது.

எளிதில்லாதது இதன் மெல்லிய வடிவம். வெளியே எந்த அடையாளமும் இருக்காது. ஆனால் கட்டி, தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கார்ட்டிசாலை இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். தற்செயலாகத் தெரிந்த கட்டி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது இது இருக்கிறது; சில ஆய்வுகளில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். இவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், எலும்புத் தேய்மானம், முதுகெலும்பு முறிவு, இதய நோய் ஆகியவை மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன. பிரஷருக்கு ஒருவரும், சுகருக்கு ஒருவரும், எலும்புக்கு ஒருவரும் என்று மூன்று மருத்துவர்கள் தனித்தனியாக மருந்து எழுதிக்கொண்டிருக்க, மூன்றுக்கும் பின்னால் இந்தக் கட்டிக்கும் பங்கிருப்பது யாருக்கும் தோன்றாமல் போகிறது.

கண்டுபிடிக்கும் வழி எளியது. இரவு 11 மணியிலிருந்து 12 மணிக்குள் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை, மறுநாள் காலை 8 அல்லது 9 மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் அளவு. இந்த மாத்திரை, உடம்பில் ஏற்கெனவே போதுமான ஸ்டீராய்டு, அதாவது கார்ட்டிசால் வகை ஹார்மோன், இருப்பதாகப் பிட்யூட்டரி சுரப்பியை நினைக்க வைக்கிறது. மூளையின் அடியில் இருந்து அட்ரினலுக்குக் கட்டளையிடும் சுரப்பி அது. பிட்யூட்டரி கட்டளையை நிறுத்தினால் ஆரோக்கியமான அட்ரினல் அடங்கிவிடும். தன்னிச்சையாகச் சுரக்கும் கட்டி அடங்காது. கார்ட்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ வந்தால் இந்தக் கேள்வி முடிந்தது. அதற்கு மேல் வந்தாலும் அதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. கருத்தடை மாத்திரை, வலிப்பு மருந்துகள் சில, காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இரவுப்பணியால் குலைந்த தூக்கம் இவையெல்லாம் எண்ணைப் பொய்யாக உயர்த்தும்.

அட்ரினலில் கட்டி தெரிந்த எல்லோருக்கும், பிரஷர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். மிக வயதானவர்கள், வேறு கடும் நோயில் இருப்பவர்கள், முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்ற நிலையில் உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் விட்டுவிடலாம்.

2. ஆல்டோஸ்டீரான்

1950களின் நடுவில் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் விவரித்த நோய் இது. அவர் விவரித்தபோது அதை அரிதென்று நினைத்தார்கள். இன்று தெரிவது வேறு: ரத்த அழுத்த நோயாளிகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது இருக்கிறது, பல மருந்துக்கும் கட்டுப்படாத அழுத்தம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் வரை. இவர்கள் எல்லோருக்கும் காரணம் கட்டியல்ல. பலருக்கு இரண்டு சுரப்பிகளுமே பொதுவாகக் கூடுதலாகச் சுரக்கின்றன.

பொட்டாசியம் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்ற பழைய பாடம் இன்னும் பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் பாதிப்பேருக்கு மேல் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். ஆகவே அட்ரினல் கட்டியோடு ரத்த அழுத்தமும் இருந்தால், பொட்டாசியம் எவ்வளவு இருந்தாலும், ஆல்டோஸ்டீரான், ரெனின் இரண்டையும் ஒரே ரத்தத்தில் பார்த்து விகிதம் கணக்கிட வேண்டும். ரெனின் என்பது, ஆல்டோஸ்டீரான் தேவை என்று சிறுநீரகம் கொடுக்கும் சமிக்ஞை. சமிக்ஞை அடங்கியிருந்தும் ஆல்டோஸ்டீரான் உயர்ந்தே இருந்தால், அது யார் சொல்லும் கேட்காமல் சுரக்கிறது என்று பொருள். சாதாரண ரத்த அழுத்தத்தைவிட இது இதயத்தையும் சிறுநீரகத்தையும் கூடுதலாகக் கெடுக்கிறது. பக்கவாதம், இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப்போவது ஆகியவற்றின் அபாயமும் அதிகம்.

இந்த இடத்தில்தான் ஸ்கேன் ஆளை ஏமாற்றும். வலது அட்ரினலில் கட்டி தெரிகிறது, ரத்தத்தில் ஆல்டோஸ்டீரானும் கூடுதல். அப்படியானால் வலதை எடுத்துவிட வேண்டியதுதானே? அவசரப்படக் கூடாது. நடுவயதுக்கு மேல் ஒன்றும் சுரக்காத கட்டிகள் சகஜம் என்று பார்த்தோம். தெரியும் கட்டி சும்மா இருக்க, எதிர்ப்பக்கத்துச் சுரப்பியில் கண்ணுக்குத் தெரியாத சிறு முடிச்சு சுரந்துகொண்டிருக்கலாம். அதனால் தொடையில் உள்ள சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இரண்டு அட்ரினல்களிலிருந்து வெளியேறும் ரத்தத்தையும் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுகிறார்கள். கைப்பழக்கம் வேண்டிய வேலை. வலப்பக்க அட்ரினலின் சிரை குட்டையானது, பிடிப்பது சிரமம். ஒரு பக்கம் என்று உறுதியானால் அறுவை சிகிச்சை. இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன், எப்ளிரினோன் போன்ற மாத்திரைகள்.

3. ஆண்தன்மை ஹார்மோன்கள்

இதை எல்லோருக்கும் பார்ப்பதில்லை. ஒரு பெண்ணுக்குச் சில மாதங்களுக்குள் முகத்தில் முடி அடர்ந்து, குரல் தடித்து, மாதவிடாய் நின்றால், அட்ரினலில் கட்டியும் இருந்தால், புற்றுநோய்ச் சந்தேகம் வலுவாகிறது. வேகம்தான் இங்கே முக்கியம். பல வருடங்களாக மெதுவாக வளரும் முடிக்குக் காரணம் பெரும்பாலும் வேறு.

4. அட்ரினலினும் நார்அட்ரினலினும்

இதற்குத் தனிப் பகுதியே வேண்டும்.

ஃபியோகுரோமோசைட்டோமா

அகணியில் எழும் கட்டி. இதே வகைக் கட்டி அட்ரினலுக்கு வெளியே, நரம்பு முடிச்சுகளில் எழுந்தால் பாராகாங்க்லியோமா என்று பெயர். அரிய நோய்தான், ஆனால் தெரியாமல் விட்டால் கொல்லக்கூடியது.

திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு, கூடவே ரத்த அழுத்தம் ஏறுவது, சில நிமிடங்களில் அல்லது ஒரு மணி நேரத்தில் தானாக அடங்குவது என்பது இதன் பாடநூல் வடிவம். முகம் சிவப்பதைவிட வெளிறுவதுதான் அதிகம். பலர் இதை மனப்பதற்றம் என்று நினைத்து வருடக்கணக்கில் அதற்கே மருந்து சாப்பிட்டிருப்பார்கள். சிலருக்கு எந்த அறிகுறியுமே இராது. வேறு ஏதோ அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது அழுத்தம் கட்டுக்கடங்காமல் போய்த்தான் தெரியவரும்.

பரிசோதனை: ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின்கள், அல்லது 24 மணி நேரச் சிறுநீரில் அதே பொருள்கள். அட்ரினலினையே ஏன் அளப்பதில்லை? கட்டி அதை அவ்வப்போது மட்டும்தான் ரத்தத்தில் கலக்கும். தாக்குதல் இல்லாத நேரத்தில் எடுத்தால் தப்பிவிடும். ஆனால் கட்டியின் செல்களுக்குள்ளேயே அது இடைவிடாமல் மெட்டாநெஃப்ரினாக மாறி வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. அதனால் நோயாளி அமைதியாகப் படுத்திருக்கும்போது எடுத்த ரத்தத்திலும் அது பிடிபடும். படுத்திருப்பது உண்மையிலேயே அவசியம்; உட்கார்ந்து எடுத்தால் எண் பொய்யாக உயரும். சில மனச்சோர்வு மருந்துகளும் உயர்த்தும். சாயமில்லாத சிடியில் எண் 10 அல்லது அதற்குக் கீழே இருக்கும் கட்டிக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. அவ்வளவு கொழுப்புள்ள கட்டி ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. மற்ற எல்லாக் கட்டிகளுக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், கத்தி வைப்பதற்கு முன் இது நடந்தாக வேண்டும்.

சிகிச்சை அறுவைதான். ஆனால் நாளை காலையே செய்துவிட முடியாது. ஆல்ஃபா தடுப்பான் எனப்படும் மருந்துகளை, ஃபினாக்ஸிபென்சமைன் அல்லது டாக்ஸசோசின் போன்றவற்றை, குறைந்தது 7 முதல் 14 நாள் கொடுத்து, சுருங்கிக் கிடக்கும் ரத்தக் குழாய்களைத் தளர்த்த வேண்டும். கூடவே உப்பும் நீரும் தாராளமாகக் கொடுத்து ரத்தத்தின் கொள்ளளவை நிரப்ப வேண்டும். படபடப்பைக் குறைக்கிறேன் என்று பீட்டா தடுப்பானை முதலில் கொடுப்பது ஆபத்து. குழாய்களைச் சுருக்கும் விசை அப்படியே இருக்க, விரிக்கும் விசை மட்டும் தடைபட்டு, அழுத்தம் இன்னும் ஏறும். ஆல்ஃபா முதலில், தேவைப்பட்டால் பீட்டா பிறகு. இந்த வரிசையை மாற்றவே கூடாது.

இந்தக் கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ பிறவியிலேயே மரபணு மாற்றம் இருக்கிறது; வேறு எந்தக் கட்டியிலும் பரம்பரையின் பங்கு இவ்வளவு பெரியதாக இருப்பது அபூர்வம். 1886இல் ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் ஃப்ரெங்கல் 18 வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டு அட்ரினல்களிலும் இந்தக் கட்டி இருந்ததை எழுதி வைத்தார். 121 ஆண்டுகள் கழித்து, 2007இல், அந்தப் பெண்ணின் குடும்ப வழியில் வந்தவர்களைச் சோதித்தபோது ரெட் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது வெளிப்பட்டது. அதனால் இன்று, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், இந்தக் கட்டி உள்ள ஒவ்வொருவருக்கும் மரபணுச் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. மாற்றம் இருந்தால் உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் சோதிக்கலாம். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம்.

இதில் சாதாரணக் கட்டி, புற்றுநோய் என்ற பழைய பிரிவினையை உலக சுகாதார அமைப்பின் இன்றைய வகைப்பாடு கைவிட்டுவிட்டது. எந்த ஃபியோகுரோமோசைட்டோமாவும் பின்னாளில் பரவக்கூடும் என்றே கொள்கிறார்கள். எடுத்தாயிற்று, முடிந்தது என்று இருந்துவிடாமல் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு வருடந்தோறும் மெட்டாநெஃப்ரின் பார்க்க வேண்டும். மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் சிறு வயதில் வந்தவர்களுக்கும் ஆயுள் முழுக்க.

புற்றுநோய் என்றால்

புறணியில் எழும் புற்றுநோய் மிக அரிது: 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர். நடுவயதினரிடமும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமும் வருகிறது. பிரேசிலின் தென்பகுதியில் குழந்தைகளிடம் இது பல மடங்கு அதிகம். அங்கே பரவலாக உள்ள ஒரு மரபணு மாற்றம்தான் காரணம். கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் 4 செ.மீ.யைத் தாண்டியிருக்கும், பலருக்கு 10 செ.மீ.யையும். கார்ட்டிசாலும் ஆண்தன்மை ஹார்மோன்களும் சேர்ந்து கூடுவது இதன் பக்கம் கை காட்டும் வலுவான தடயம்.

முதல் அறுவை சிகிச்சைதான் விதியைத் தீர்மானிக்கிறது. உறை கிழியாமல், சிந்தாமல், முழுதாக எடுக்க வேண்டும். அதனால் பெரிய கட்டிகளுக்கும், சுற்றிப் பரவியவற்றுக்கும் வயிற்றைத் திறந்தே செய்வது வழக்கம்; சிறு துளை வழி அறுவையை அங்கே வற்புறுத்தக் கூடாது. இதில் அனுபவமுள்ள மையத்துக்குப் போவதற்காகச் சில நாள் தாமதமானாலும் நல்லதுதான். பிறகு மைட்டோடேன் என்ற மருந்து கொடுக்கப்படுவதுண்டு. டிடிடி பூச்சிக்கொல்லியின் நெருங்கிய உறவான ஒரு வேதிப்பொருள் நாய்களின் அட்ரினல் புறணியை அழித்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்த மருந்து அது. நல்ல அட்ரினலையும் அது அடக்கிவிடும் என்பதால் கூடவே ஸ்டீராய்டு மாத்திரை தேவை.

வேறு உறுப்பில் புற்றுநோய் உள்ளவருக்கு அட்ரினலில் கட்டி தென்பட்டால் கணக்கு மாறுகிறது. நுரையீரல், மார்பகம், சிறுநீரகம், தோலின் மெலனோமா ஆகியவை இங்கே பரவும் வழக்கமுள்ளவை. அப்படியும், புற்றுநோயாளியின் அட்ரினல் கட்டி எல்லாமே பரவியதல்ல; அவருக்கும் சாதாரண அடினோமா வரலாம்.

மற்றவை: மையலோலிப்போமா என்பது கொழுப்பும் எலும்பு மஜ்ஜைத் திசுவும் கலந்த தீங்கற்ற கட்டி, ஸ்கேனிலேயே அடையாளம் தெரியும், பெரிதாகித் தொந்தரவு தந்தாலொழிய விட்டுவிடலாம். நீர்க்கட்டி, ரத்தக்கசிவு உண்டு. இரண்டு பக்கமும் வீங்கியிருந்தால் காசநோய், பூஞ்சைத் தொற்று, நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா ஆகியவற்றை நினைக்க வேண்டும். அங்கே ஹார்மோன் கூடுவதல்ல, குறைவதுதான் அபாயம். சிறு குழந்தைகளின் அகணியில் வரும் நியூரோபிளாஸ்டோமா முற்றிலும் வேறொரு நோய். குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களின் கையில் இருக்க வேண்டியது.

எடுத்த பிறகு

1992இல் மிஷேல் காக்னே என்ற கனடா அறுவை மருத்துவர் சிறு துளைகள் வழியாக அட்ரினலை எடுக்கும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகு புற்றுநோய்ச் சந்தேகமில்லாத கட்டிகளுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. ஓர் அட்ரினல் போனாலும் மற்றது போதும். ஆனால் அந்த மற்றது விழித்திருக்க வேண்டும்.

கார்ட்டிசால் சுரந்த கட்டியை எடுத்தவர்களிடம் சிக்கல் இங்கேதான். கட்டி சுரந்துகொண்டிருந்த காலமெல்லாம் பிட்யூட்டரி கட்டளை அனுப்பாமல் இருந்ததால், எதிர்ப்பக்க அட்ரினல் உறங்கிக்கிடக்கும். கட்டியை எடுத்த அன்றே உடம்பில் கார்ட்டிசால் வற்றிவிடும். வெளியிலிருந்து ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுக்காவிட்டால் அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மெல்லிய வடிவ நோய் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும். முன்பே டெக்ஸாமெத்தசோன் பரிசோதனை செய்யாமல் அறுவைக்குப் போனால் இந்த ஆபத்து யாருக்கும் தெரியாமலே காத்திருக்கிறது.

ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் தேவைப்படும். அந்தக் காலத்தில்:

1. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. காலைக் கார்ட்டிசாலைப் பார்த்து மருத்துவர்தான் குறைக்க வேண்டும்.
2. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வழக்கமாக இரண்டு மடங்கு. எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.
3. வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசியாகப் போட வேண்டும். தாமதிக்க முடியாத விஷயம் இது.
4. எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், ஸ்டீராய்டு எடுக்கும் விவரத்தை முதலில் சொல்ல வேண்டும். அதை எழுதிய அட்டை ஒன்று எப்போதும் கையோடு இருக்கட்டும்.
5. உடல்வலி, சோர்வு, மூட்டுவலி, மனம் தளர்வது ஆகியவை சில வாரங்கள் இருக்கும். உயர்ந்த கார்ட்டிசாலுக்குப் பழகிய உடம்பு இறங்கி வரும் காலம் அது. கட்டி திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆல்டோஸ்டீரான் கட்டியை எடுத்தவர்களுக்குப் பொட்டாசியம் அநேகமாக எல்லோருக்கும் சரியாகிவிடுகிறது. ரத்த அழுத்த மாத்திரையை முழுவதும் விட முடிகிறவர்கள் ஒரு பகுதியினர். மற்றவர்களுக்கு மாத்திரைகளின் எண்ணிக்கை குறையும். பல வருடம் நீடித்த அழுத்தம் ரத்தக் குழாய்களை ஏற்கெனவே இறுக்கியிருக்கும், அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்குப் பலன் கூடுதல்.

எதுவும் எடுக்கத் தேவைப்படாதவர்களின் நிலை? சீரான, கொழுப்புள்ள, சுரக்காத கட்டி என்று உறுதியானால் திரும்ப ஸ்கேனும் வேண்டாம், திரும்ப ஹார்மோன் பரிசோதனையும் வேண்டாம். புதிதாக அறிகுறி ஏதாவது வந்தாலோ, பிரஷரோ சுகரோ திடீரென்று மோசமானாலோ மட்டும் மறுபடி பார்த்தால் போதும். மெல்லிய கார்ட்டிசால் மிகை இருந்தும் அறுவை வேண்டாம் என்று முடிவானவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, எலும்பு ஆகியவற்றை வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, அந்தந்த நோய்க்கு வைத்தியம் செய்து, அவை மோசமானால் அறுவையைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும்.